ஆய்வேடுகளுக்கு ஊர்வாரி அட்டவணை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வெளிவந்தது முதல் பல்துறை ஆய்வு என்ற சொல் பட்டமளிப்பு விழா உரைகளிலும் கருத்தரங்க அழைப்பிதழ்களிலும் தவறாமல் இடம்பெற்று வருகிறது. இயற்பியல் படித்தவரும் வேளாண்மை படித்தவரும் சமூகவியல் படித்தவரும் ஒரே சிக்கலைச் சேர்ந்து ஆராய வேண்டும் என்ற எண்ணத்தை நான் மனமார வரவேற்கிறேன். ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் 31 ஆண்டுகள், அவற்றுள் கடைசி 14 ஆண்டுகள் ஆய்வேடுகள் பிரிவில், பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அந்த அனுபவத்தில் எனக்குப் பட்டதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். சேர்ந்து ஆராய்வதற்கு முன்னால், ஒருவர் ஏற்கெனவே செய்து வைத்திருப்பது அடுத்தவர் கண்ணில் பட வேண்டும். அதற்கான வழி இன்று மிகவும் குறுகலாக இருக்கிறது. கடலூர், புதுச்சேரிப் பகுதியைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வேடுகள் அனைத்தையும் ஊர்ப்பெயரைக் கொண்டு தேடி எடுக்கும்படியான ஓர் அட்டவணையை இங்குள்ள கல்வி நிறுவனங்கள் கூடித் தயாரிக்க வேண்டும் என்பதும், ஆய்வின் முடிவு அது நடந்த ஊருக்குத் தமிழில் திரும்பிச் செல்ல வேண்டும் என்பதுமே என் கோரிக்கை.

இந்த எண்ணம் எனக்குத் தோன்றிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. 2013ஆம் ஆண்டு ஆடி மாதம், கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து எழுபது வயது மதிக்கத்தக்க மீனவர் ஒருவர், கல்லூரியில் இளங்கலை படித்துக்கொண்டிருந்த தம் பேரனுடன் நூலகத்துக்கு வந்தார். துறைத்தலைவரின் கடிதம் இல்லாமல் வெளியாட்களை உள்ளே விடக்கூடாது என்பது விதி என்பதால் வாயிற்காவலர் அவரை நிறுத்திவிட்டார். பேரன் மட்டும் உள்ளே வந்து விவரம் சொல்லவே, நான் எழுந்து வெளியே போனேன்.

"அம்மா, எங்க முகத்துவாரத்த மூணு நாலு தடவ வந்து அளந்துட்டுப் போயிருக்காங்க. எம் படகுலதான் கூட்டிக்கிட்டுப் போனேன். அந்தக் கணக்கெல்லாம் இங்கதான் இருக்குன்னு சொன்னாங்க. அதக் கொஞ்சம் பாக்கணும்" என்றார்.

என் பொறுப்பில் அழைத்துச் செல்வதாகப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டு அவரை உள்ளே கூட்டிச் சென்றேன். அதன் பிறகுதான் எனக்கே சங்கடமாகிவிட்டது. எங்கள் பட்டியல் துறைவாரியாகவும் ஆய்வாளர் பெயர்வாரியாகவும் நெறியாளர் பெயர்வாரியாகவும் அமைந்திருந்தது. ஓர் ஊரைச் சொல்லி அந்த ஊரைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்லும் வழி அதில் இல்லை. அலமாரி அலமாரியாக முதுகட்டைகளைப் படித்து, பொருளடக்கத்தைப் புரட்டி, இரண்டு மணி நேரம் தேடியதில் நான்கு ஆய்வேடுகள் கிடைத்தன. ஒன்று கடல் உயிரியல், ஒன்று நிலவியல், ஒன்று பொருளாதாரம், ஒன்று மொழியியல். நான்கும் அதே முகத்துவாரத்தையும் அதைச் சுற்றியுள்ள குப்பங்களையும் பற்றியவை. பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குள் எழுதப்பட்டவை. ஒன்றின் துணைநூற்பட்டியலில்கூட மற்ற மூன்றில் ஒன்றின் பெயர் இல்லை.

கடல் உயிரியல் மாணவர் மாதந்தோறும் தண்ணீரின் உப்புத்தன்மையை அளந்திருந்தார். ஒரு கோடையில் அது திடீரென்று ஏறிப் பல மாதங்கள் இறங்காமலே நின்றதைக் குறித்துவிட்டு, காரணம் தெளிவாகவில்லை என்று எழுதியிருந்தார். நிலவியல் மாணவர் மணலின் பருமனைச் சல்லடையிட்டு அளந்தவர். அதே ஆண்டில் மணல்திட்டு வளர்ந்து முகத்துவாரத்தை முழுமையாக அடைத்துவிட்டதை அவர் வரைபடத்தோடு பதிவு செய்திருந்தார். பொருளாதார மாணவரின் அட்டவணையில் அந்த ஆண்டு இறால்பாடு சரிந்து, வட்டிக்கு வாங்கிய கடன் உயர்ந்திருந்தது. மொழியியல் மாணவர் சேர்த்திருந்த சொற்பட்டியலிலோ, வாய் அடைபடுவதற்கும், திறப்பதற்கும், அடைபட்ட பின் தேங்கும் நீருக்கும், அந்த நீரில் மீன் தங்குவதற்கும் தனித்தனிச் சொற்கள் வரிசையாக இருந்தன. பெரியவரிடம் அந்த ஆண்டைச் சொன்னதும், "ஆமா, அந்த வருசம் சித்திரையில வாய் அடச்சிப்போச்சு. ஐப்பசி மழைக்குத்தான் தொறந்துச்சு" என்றார். கடல்நீர் உள்ளே வந்து போக வழியில்லாமல் வெயிலில் நீர் வற்ற வற்ற உப்பு ஏறும் என்பது யாருக்கும் விளங்கக்கூடியதே. ஒரு மாணவர் காரணம் தெரியாமல் விட்ட இடத்துக்கு விடை, அதே கட்டடத்தில் இரண்டு வரிசை தள்ளி இருந்த அலமாரியில் கிடந்திருக்கிறது.

ஆய்வேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. மொழியியல் ஏட்டின் சொற்பட்டியல் மட்டும் தமிழில் இருந்ததால் பேரன் அதை வாசித்துக் காட்டினான். பெரியவர் இரண்டு சொற்களைத் திருத்தினார். பிறகு நிலவியல் ஏட்டின் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஓரிடத்தில் விரலை வைத்து, "இந்த ஓடை இப்ப இங்க இல்லம்மா. தானே புயலுக்கு அப்புறம் தூந்துபோச்சு" என்றார். தானே புயல் 2011 டிசம்பர் 30ஆம் தேதி கரையைக் கடந்தது. அவர் சொன்ன செய்தியை எங்கே எழுதி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆய்வேட்டில் எழுதக்கூடாது. அதனால் ஒரு துண்டுத்தாளில் தேதியுடன் எழுதி அந்த வரைபடப் பக்கத்தில் செருகி வைத்தேன். அந்தத் தாள் இன்றும் அங்கே இருக்கும் என்று நம்புகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரை நான் சொல்லாதது, இது ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரிய குறையாக எனக்குத் தோன்றாததால்தான்.

நூலகவியல் படித்தவர்களுக்கு இதில் வருத்தம் சற்று அதிகமாகவே இருக்கும். கொள்ளிடத்தைத் தாண்டினால் வரும் சீர்காழியில் 1892இல் பிறந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகி, நூல்களைப் பகுப்பதற்கு ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து முகங்களை வகுத்துத் தந்தார். இடம் என்பது அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பதும், வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பதும் 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் அடங்கும். கணிதம் படித்த ஒருவர் நூலகத்துக்குள் வந்ததால் உலகத்துக்குக் கிடைத்த முறை இது. அவர் பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே ஓர் ஊரைச் சொல்லி ஆய்வேட்டைத் தேட முடியாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆய்வேடுகள் எல்லாம் இப்போது இணையத்தில் இருக்கின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பிறகு முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற பொதுக் களஞ்சியத்தில் ஏற்றப்படுகின்றன. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி வாசிக்கலாம். இது பெரிய காரியம், இதைச் செய்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அங்கும் ஊரைத் தேடிப் பாருங்கள். ஒருவர் பரங்கிப்பேட்டை என்று எழுதியிருப்பார், மற்றொருவர் போர்ட்டோ நோவோ என்று எழுதியிருப்பார். கொள்ளிடம் ஓர் ஏட்டில் கோலரூன் ஆகியிருக்கும். தென்பெண்ணைக்குப் பொன்னையாறு, சவுத் பென்னார் என்று வேறு பெயர்கள் உண்டு. கெடிலத்தைக் கருட நதி என்பவர்களும் இருக்கிறார்கள். கடலூர் முதுநகர், ஓ.டி. என்றும் வரும். ஆங்கில எழுத்துக்கூட்டலோ ஆளுக்கு ஒன்று. உள்ளூரை அறிந்த ஒருவர் உட்கார்ந்து இவற்றை ஒரே தலைப்பின் கீழ்க் கோத்துக் கொடுக்காதவரை இயந்திரம் எவ்வளவு தேடினாலும் பாதிதான் கிடைக்கும். 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 13,000 அளவிலான பன்னாட்டு ஆய்விதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கச் செய்திருக்கிறார்கள். உலகத்தில் எழுதப்படுவது நம் மாணவர்களுக்குக் கிடைப்பது நல்லதே. நம் மாவட்டத்தைப் பற்றி நம் மாணவர்கள் எழுதியது நமக்குக் கிடைப்பதற்கு அந்தச் செலவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது.

துறைகள் சந்தித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டுகளைத் தேட வேண்டியதில்லை. பிச்சாவரத்துக்குப் போனால் போதும். வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் பரந்திருக்கும் அந்தச் சதுப்புநிலக் காட்டின் பெரும்பகுதி ஒரு காலத்தில் பட்டுப்போய்க் கிடந்தது. சுற்றுவட்டாரத்து மக்கள் விறகுக்கு வெட்டுவதும் மாடு மேய்ப்பதும்தான் காரணம் என்பதே நெடுநாள் பேச்சாக இருந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடு சேர்ந்து ஆராய்ந்தபோது வேறு காரணம் வெளிப்பட்டது. முற்காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் மொத்தமாக வெட்டி எடுக்கும் வழக்கம் இருந்தது. மரம் போன இடத்தில் வெயில் நேராக மண்ணில் விழுந்து, மண்ணின் ஈரம் வற்றி, தரை தாம்பாளம் போலக் குழிந்துவிட்டது. கடல்மட்டம் உயரும் ஓதத்தின்போது உள்ளே வந்த கடல்நீர் வடிய வழியின்றி அந்தக் குழிவில் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு மட்டும் ஆண்டுக்காண்டு ஏறியது. நட்ட கன்றெல்லாம் கருகியதற்குக் காரணம் இதுதான்.

தீர்வு மிக எளியது. குழிந்த இடத்தின் நடுவே ஒரு பெரிய கால்வாயும் அதன் இருபுறமும் மீன்முள் போலக் கிளைக்கால்வாய்களும் வெட்டி, ஓதத்தில் வரும் நீர், கடல்மட்டம் இறங்கும் வற்றத்தில் திரும்பிப் போகும்படி செய்தார்கள். உப்புத்தன்மை இறங்கியது. வெண்கண்டல் கன்றுகளை நட்டார்கள், பிழைத்தன. மட்டம் பார்த்தவர் நில அளவை தெரிந்தவர், உப்பை அளந்தவர் மண்ணியல் தெரிந்தவர், கன்றைத் தேர்ந்தவர் தாவரவியலார். ஊர் மக்கள் கூடி உழைத்திருக்காவிட்டால் இவர்கள் அத்தனை பேராலும் ஒரு கால்வாயைத் தூராமல் காத்திருக்க முடியாது. தாவரவியல் மட்டும் தெரிந்தவர் கன்று நட்டுக்கொண்டே இருந்திருப்பார், சமூகவியல் மட்டும் தெரிந்தவர் மாடுகளை எண்ணிக்கொண்டே இருந்திருப்பார். தில்லை மரத்தின் பெயரைத் தாங்கிய தலத்துக்குப் பக்கத்தில், அந்தத் தில்லை மரம் இன்றும் நிற்கும் காட்டில் நடந்தது இது. நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எண்ணினால் மனம் வருந்துகிறது.

அதே காட்டைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டே, மாவட்டக் கடலோரத்தின் 18 குப்பங்களின் உயிரிழப்பைக் கணக்கிட்டு, கடலோரக் காடுகளின் பின்னால் இருந்த ஊர்களில் இழப்பு குறைவு என்று ஓர் ஆய்வுக்கட்டுரை சொன்னது. அதற்கடுத்த ஆண்டு வேறு சிலர் அதே எண்களை எடுத்து மறுபடி கணக்கிட்டு, ஊரின் உயரமும் கடலிலிருந்து அதன் தொலைவுமே இழப்பின் அளவைப் பெரும்பாலும் தீர்மானித்தன, காட்டின் பங்கு நினைத்த அளவு பெரிதில்லை என்று மறுத்தார்கள். இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. நில அமைப்பு, அலையின் போக்கு, புள்ளியியல், தாவரவியல் ஆகிய நான்கையும் ஒரே மேசையில் வைத்துப் பேசினால்தான் இந்தக் கேள்வி தீரும் என்பது மட்டும் தெரிகிறது. அந்த 18 குப்பங்களில் வாழ்பவர்களுக்கு இப்படியொரு விவாதம் தங்கள் ஊரைச் சுற்றி நடந்ததே தெரியாது என்பதும், நான் கேட்டுப் பார்த்த சில பேரின் வழியாகத் தெரிகிறது.

அறிவைப் பகிர்வது என்றால் என்ன என்பதற்கும் நம் கரையிலேயே சான்று இருக்கிறது. 1998இல் புதுச்சேரிப் பகுதியில் அதே சுவாமிநாதன் நிறுவனம் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் அதன் நடுவிடம். வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயர முன்னறிவிப்பை எடுத்துத் தமிழில் எழுதி, மீனவர்கள் கடலுக்குப் போகும் முன் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கணினித் திரையில் வைத்துவிட்டு, வேண்டியவர் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்திருந்தால் விடியற்காலையில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறவரிடம் அது போய்ச் சேர்ந்திருக்காது. நல்லவாடு கிராமத்தில் 2004 டிசம்பர் 26 அன்று காலை, சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்ன எச்சரிக்கையை ஊர் இளைஞர்கள் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். மக்கள் கரையை விட்டு ஓடினார்கள். ஆயிரக்கணக்கானோர் உயிர் தப்பினர். ஒலிபெருக்கி அங்கே ஏற்கெனவே இருந்தது, அதை நம்பிக் கேட்கும் பழக்கமும் ஊருக்கு ஏற்கெனவே இருந்தது. அந்தப் பழக்கத்தை ஒரே நாளில் உண்டாக்கியிருக்க முடியாது.

புதுச்சேரியைச் சொல்லும்போது இன்னும் இரண்டைத் தொட்டுவிடுகிறேன். 1975இல் தொடங்கப்பட்ட நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை நகரில் யானைக்கால் நோயைக் கட்டுப்படுத்த முனைந்தபோது மருந்து தெளிப்பதோடு நிற்கவில்லை. கொசு பெருகும் சாக்கடைகளையும் குழிகளையும் கிணறுகளையும் ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்து, பெருகும் இடத்தையே ஒழிக்கும் வழிகளைக் கையாண்டது. பூச்சியியலுக்கும் நகராட்சிப் பொறியியலுக்கும் நடுவே சுவர் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. அடுத்து, அரிக்கமேட்டில் கிடைத்த சக்கரக்கோட்டு வேலைப்பாடுள்ள பானையோடுகளை முதலில் மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்தவை என்றே தொல்லியலாளர் கருதினர். பின்னர் களிமண்ணில் உள்ள கனிமங்களைச் சோதனைக்கூடத்தில் ஆராய்ந்தது உட்படப் பல வழிகளில் அவை இந்திய மண்ணில் வனைந்தவை என்ற முடிவு வலுப்பெற்றது. கடற்கரைச் சாலையை ஒட்டிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும் 1955 முதல் ஓலைச்சுவடியும், மலைக்காட்டுத் தாவரங்களின் உலர்மாதிரியும், மகரந்தத்தூள் சேகரிப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அங்குள்ள சைவச் சுவடிகளை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சிதம்பரத்திலும் காலாப்பட்டிலும் உள்ள நம் மாணவர்களில் அந்தப் படியேறிப் பார்த்தவர்கள் இன்னும் அதிகமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இத்தனை இருந்தும் ஒரே வளாகத்தில் இரண்டு துறைகள் ஏன் பேசிக்கொள்வதில்லை என்ற கேள்விக்கு, ஆசிரியர்களைக் குறை சொல்வது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். அவர்களுக்கு மதிப்பெண் வழங்கும் முறையைப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, இரண்டு பேர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினால் ஆளுக்கு 70 விழுக்காடு மதிப்பு கிடைக்கும். மூன்றாவது ஒருவர் சேர்ந்துவிட்டால் முதன்மைக் கட்டுரையாளருக்கு மட்டும் 70, மற்றவர்களுக்குத் தலைக்கு 30. நிலவியல், கடல் உயிரியல், பொருளாதாரம் மூன்றும் கூடி என் பெரியவரின் முகத்துவாரத்தைப் பற்றி எழுதினால் இரண்டு பேர் 30 விழுக்காட்டோடு திருப்திப்பட வேண்டும். பதவி உயர்வை எதிர்நோக்கியிருக்கும் இளம் ஆசிரியர் தனியாக எழுதவே விரும்புவார், அது மனித இயல்பு. வேறு துறையினரோடு சேர்ந்து எழுதும் கட்டுரைக்கு இந்தக் குறைப்பு கூடாது என்று ஒரு விலக்கு அளித்தாலே போதும், பாதித் தடை நீங்கிவிடும். 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகள் வேறு துறையைச் சேர்ந்தவரை இணை நெறியாளராக வைத்துக்கொள்ள இடம் தருகின்றன. இடம் இருப்பது பல மாணவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் கேட்கத் தயங்குகிறார்கள்.

நம் பகுதியில் இந்தத் தனித்தனிப் போக்கு பிற இடங்களைவிட அதிகத் தீங்கு செய்யும் என்பதற்குக் காரணம் உண்டு. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போகிறவர்கள் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமாக எத்தனை முறை எல்லை தாண்டுகிறோம் என்பதை அறிவார்கள். 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நகரில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. இரண்டு நாளில் திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகி வந்து கடலூரின் கரையோரக் கிராமங்களையும் பாகூர்ப் பக்கத்தையும் மூழ்கடித்தது. மழையைப் பற்றிய ஆய்வு ஓரிடத்தில், அணையைப் பற்றியது ஓரிடத்தில், ஆற்றங்கரை ஆக்கிரமிப்பைப் பற்றியது வேறோரிடத்தில், எந்த வாய்க்கால் எந்த ஆண்டு தூர்ந்தது என்பது ஊர்ப் பெரியவர் ஒருவரின் நினைவில் என்று கிடந்தால் அடுத்த வெள்ளத்துக்கும் நாம் இப்படித்தான் நிற்போம். நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு இருக்கும் நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். அந்த நீர் குறைவதை நிலவியலும், அதனால் ஆழ்துளைக் கிணற்றை மேலும் இறக்கும் விவசாயியின் கடனைப் பொருளாதாரமும், கடலோரத்தில் உப்புநீர் உட்புகுவதை வேதியியலும் தனித்தனியே எழுதிக்கொண்டிருக்கின்றன.

ஆகவே நான் கேட்பது இதுதான். அண்ணாமலைப் பல்கலைக்கழகம், புதுவைப் பல்கலைக்கழகம், ஜிப்மர், மேலே சொன்ன ஆய்வு மையங்கள், பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம், விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம், இரு பகுதிகளிலும் உள்ள கலைக் கல்லூரிகள் ஆகியவற்றின் நூலகர்கள் ஒன்றுகூட வேண்டும். தங்களிடம் உள்ள ஆய்வேடுகள், ஆய்வறிக்கைகள் ஒவ்வொன்றும் எந்த ஊரை, எந்த ஆற்றை, எந்த ஏரியைப் பற்றியது என்று எடுத்தெழுதினால் பொது அட்டவணை தானே உருவாகிவிடும். இதற்குப் புதுக் கட்டடமோ தனித் துறையோ வேண்டாம். நூலகவியல் மாணவர்களைக் கோடை விடுமுறையில் ஈடுபடுத்தினால் இரண்டு ஆண்டுகளில் முடிந்துவிடும் வேலை இது. ஊர்ப்பெயரின் மாற்று வடிவங்களைச் சேர்ப்பதற்கு மட்டும் உள்ளூர் ஆட்கள் வேண்டும். இந்த அட்டவணையை ஊர்ப் பெரியவர்களின் திருத்தத்தையும் ஏற்கும்படி அமைக்க வேண்டும். அன்று ஓடை தூர்ந்த செய்தியை நான் துண்டுத்தாளில் எழுதிச் செருக வேண்டியிருந்ததைப் போல இனி யாருக்கும் நேரக்கூடாது.

அதோடு, களப்பணி செய்து எழுதப்படும் ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும் பத்துப் பக்கத்துக்கு மிகாத தமிழ்ச் சுருக்கம் கட்டாயமாக வேண்டும். அது துறைக்குள் புழங்கும் தமிழாக இல்லாமல், தகவல் கொடுத்த விவசாயியும் மீனவரும் வாசிக்கக்கூடிய தமிழாக இருக்க வேண்டும். அதன் ஒரு படி அந்த ஊரின் கிளை நூலகத்துக்கும், தமிழ்நாட்டில் ஊராட்சி அலுவலகத்துக்கும், புதுச்சேரியில் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் போக வேண்டும். தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அவற்றுள் ஒன்றில் ஆய்வாளரே நேரில் வந்து அரை மணி நேரம் பேசலாம். தம்மிடம் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போனவர் திரும்பி வந்து பதில் சொல்வதைப் பார்க்கும் ஊர், அடுத்து வரும் மாணவருக்கு இன்னும் மனம் திறந்து பேசும். கேள்விப் பட்டியலோடு வருகிறவர்களைக் கண்டாலே கதவைச் சாத்தும் ஊர்கள் சில ஏற்கெனவே உண்டாகிவிட்டன என்பதை ஆய்வு மாணவர்கள் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாளாவது ஆய்வேடுகள் பிரிவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்பதையும் இங்கேயே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு பொதுவில் நடக்க வேண்டும் என்பதே விதி. யார் வேண்டுமானாலும் போய் அமரலாம், கேள்வியும் கேட்கலாம். ஆனால் அறிவிப்பு அந்தத் துறையின் அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடுகிறது. கடைசியில் நெறியாளரின் மற்ற மாணவர்கள் பத்துப் பேரும் தேநீர் கொண்டுவரும் ஊழியரும்தான் அங்கே இருப்பார்கள். கடலூர், புதுச்சேரிப் பதிப்பில் வாரம் ஒரு நாள், எந்த ஊரைப் பற்றிய எந்த ஆய்வுக்கு எங்கே, எப்போது வாய்மொழித் தேர்வு நடக்கிறது என்ற விவரத்தை நான்கு வரியில் வெளியிட்டால், அடுத்த கட்டடத்து ஆசிரியரும் வருவார், அந்த ஊர்க்காரரும் வருவார். பண்ருட்டிப் பலா பற்றிய ஆய்வின் தேர்வுக்குத் தோப்புக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தால் கேள்விகளின் தரமே வேறாக இருக்கும்.

என்னிடம் 412 அட்டைகள் இருக்கின்றன. 2013க்குப் பிறகு, வேலை நேரம் முடிந்தபின் நாள்தோறும் சிறிது நேரம் ஒதுக்கி, ஆய்வேடுகளைப் புரட்டி, ஊர்ப்பெயரை மேலே எழுதி, அதன் மாற்றுப் பெயர்களை அடுத்த வரியில் எழுதி, துறையும் ஆண்டும் அலமாரி எண்ணும் கீழே குறித்து அகரவரிசையில் அடுக்கியவை. அக்கரை தொடங்கி வேளங்கிப்பட்டு வரை இருக்கின்றன. ஒரே நூலகத்தைச் சேர்ந்தவை என்பதால் முழுமையானவை அல்ல. எந்த நிறுவனம் இந்தப் பணியை எடுத்துச் செய்ய முன்வந்தாலும் அவற்றை அப்படியே ஒப்படைக்கவும், கண் தெரியும்வரை உடன் அமர்ந்து வேலை செய்யவும் அணியமாக இருக்கிறேன். கடிதத்தை வெளியிட்டால் என் முகவரியைத் தங்கள் அலுவலகத்தில் வைத்திருந்து, கேட்பவர்களுக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பல்கலைக்கழக நூலகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.